ஹெட்டர் புராணம்: பாடாலூர் காண்டம்

பாடாலூர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரமாக என்றைக்கு இருந்ததோ, அதே இடத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் 1995 வரை அந்த ஊர்க்காரர் விலாசம் எழுதினால் கடைசி வரி ‘திருச்சி மாவட்டம்’. அந்த வருடம் திருச்சியை மூன்றாக வெட்டி, கரூர், பெரம்பலூர் என்று இரண்டு புது மாவட்டங்களை உண்டாக்கினார்கள். பாடாலூர்க்காரர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். வீடு மாற்றவில்லை, மூட்டை கட்டவில்லை, கடைசி வரி மட்டும் மாறிவிட்டது.

இவராவது ஒரே தடவையோடு தப்பித்தார். அரியலூர்க்காரரைப் பாருங்கள். 1995-ல் அவரும் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்குப் போனார். 2001 ஜனவரி 1 அன்று புத்தாண்டுப் பரிசாகத் தனி மாவட்டம் கிடைத்தது. மே மாதம் ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31 அன்று அரியலூர் மாவட்டம் கலைக்கப்பட்டு மறுபடி பெரம்பலூருக்குள்ளேயே போனது. 2006-ல் திரும்பவும் ஆட்சி மாறியது. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் திரும்பவும் முளைத்தது. 2001-ல் படுத்து 2007 டிசம்பரில் எழுந்த கும்பகர்ணன் யாராவது அந்தப் பக்கம் இருந்திருந்தால், நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பார். நடந்ததெல்லாம் தெரிந்தவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவர்தான்.

சி மொழியில் எழுதிய மென்பொருளை ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து கிளப்பி இன்னொன்றில் குடிவைக்கும் வேலைக்குப் போர்ட்டிங் என்று பெயர். அதில் பாதிப் பாடு இந்த ரப்பர் ஸ்டாம்ப் பாடுதான். நிரலுக்குள் நடக்கும் கூட்டலும் கழித்தலும் எந்த ஊருக்குப் போனாலும் அதேதான். தலையில் எழுதுகிற ‘இன்க்ளூட்’ வரிகள்தான் ஊருக்கு ஊர் உதைக்கும். தலையெழுத்து என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த வரிகள் கூப்பிடும் ஹெட்டர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ன ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு இன்னின்ன கொடுக்கவேண்டும், அது இன்னது திருப்பித் தரும் என்று எழுதி வைத்த கோப்பு. கம்பைலர் இன்க்ளூட் வரியைப் பார்த்ததும் அந்தக் கோப்பை எடுத்து, ஓர் எழுத்து விடாமல் அங்கேயே ஒட்டிவிடும். யோசிக்காது, விசாரிக்காது. ஒட்டுகிற கோப்பில் என்ன குப்பை கிடந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் குப்பை. இந்தக் குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்ச வரலாறு தானாகவே புரியும்.

ஆதியில் ஒரே வீடு

1972 வாக்கில் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை வடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஹெட்டர் தொல்லை கிடையாது, ஏனென்றால் ஹெட்டரே கிடையாது. ஆலன் ஸ்னைடர் என்பவர் விடாமல் வலியுறுத்தியதும், பிசிபிஎல், பிஎல்/ஒன் மொழிகளில் இந்த வசதி ஏற்கெனவே இருந்ததும்தான் சி-யில் இன்னொரு கோப்பை உள்ளே இழுக்கும் வழி வந்ததற்குக் காரணம் என்று ரிச்சியே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். ஸ்னைடருக்கு மாலை போடுவதா, மண்ணை வாரித் தூற்றுவதா என்பதை இரவு இரண்டு மணிக்குப் போர்ட்டிங் செய்கிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அந்தக் காலம் பொற்காலம். ஒரே ஆய்வகம், பிடிபி-11 என்ற ஒரே வகை இயந்திரம், யூனிக்ஸ் என்ற ஒரே சிஸ்டம். சந்தேகம் வந்தால் நடந்துபோய், யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனையே கேட்கலாம். டைரக்டரியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கத் தனி ஃபங்ஷன்கூடத் தேவைப்படவில்லை. டைரக்டரியும் ஒரு ஃபைல்தான். திற, பதினாறு பதினாறு பைட்டாக வாசி. முதல் 2 பைட் ஐநோடு என்ற அடையாள எண், மிச்சம் 14 பைட் பெயர். கதை முடிந்தது.

பெயருக்கு 14 எழுத்து போதும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அவர்களுக்குப் பெரம்பலூர் தெரியாது. ஆங்கிலத்தில் பெரம்பலூர் என்று எழுதவே 10 எழுத்து. ஒரு அடிக்கோடு, பிறகு 2001 என்று வருடம் சேர்த்தால் 15. பழைய யூனிக்ஸ் கடைசி எழுத்தைச் சத்தமில்லாமல் நறுக்கிவிடும். அதாவது மாவட்டம் பிரிந்த 2001, சேர்ந்த 2002, மறுபடி பிரிந்த 2007 மூன்றுக்கும் தனித்தனி ஃபைல் போட்டால், மூன்றும் ‘பெரம்பலூர்_200’ என்ற ஒரே ஃபைலில் போய் விழும். கடைசியாக எழுதியது நிற்கும், முன்னது இரண்டும் கோவிந்தா. வருவாய்த்துறையால்கூட இவ்வளவு சுருக்கமாக ஒரு வரலாற்றை முடித்துவைக்க முடியாது.

1977-ல் யூனிக்ஸ் வெளியூர் கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் வூலாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32 என்ற வேறு வகை இயந்திரத்தில் ஓட்டிக்காட்டினார். பெல் ஆய்வகத்தில் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் இன்டர்டேட்டா 8/32-க்குக் கொண்டுபோனார்கள். ‘சி-யில் எழுதினால் எங்கும் ஓடும்’ என்று அன்றைக்கு உலகம் கைதட்டியது. எங்கும் ஓடும் என்பது உண்மைதான். என்னென்ன ஹெட்டரோடு ஓடும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பங்காளி வகையறா

தாத்தா சொத்து ஒன்று, பேரன்மார் இரண்டு என்றால் நம் ஊரில் வாய்க்கால் வரப்பில் சண்டை வரும். யூனிக்ஸ் வகையறாவில் ஹெட்டரில் வந்தது. ஒரு பக்கம் ஏடி அண்டு டி கம்பெனியின் சிஸ்டம் ஃபைவ். இன்னொரு பக்கம் கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி. 1983-ல் ஏடி அண்டு டி சிஸ்டம் ஃபைவை இறக்கியது, அதே வருடம் பெர்க்லி 4.2 பிஎஸ்டியை இறக்கியது. இரண்டும் யூனிக்ஸ், இரண்டும் அசல், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு வாக்கியத்துக்குள் ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். பெர்க்லி வீட்டில் அதற்கு இன்டெக்ஸ் என்று பெயர், இருக்கும் இடம் ஸ்ட்ரிங்ஸ்.ஹெச். சிஸ்டம் ஃபைவ் வீட்டில் ஸ்ட்ர்சிஹெச்ஆர் என்று பெயர், இருக்கும் இடம் ஸ்ட்ரிங்.ஹெச். ஒரே ஒரு ‘ஸ்’ வித்தியாசத்தில் எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமை போனதோ!

நினைவகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடுப்பது இதைவிட விசேஷம். பெர்க்லியின் பிகாப்பி கேட்பது ‘எங்கிருந்து, எங்கே, எவ்வளவு’. சிஸ்டம் ஃபைவின் மெம்காப்பி கேட்பது ‘எங்கே, எங்கிருந்து, எவ்வளவு’. பெயரை மட்டும் மாற்றி, உள்ளே இருப்பதன் வரிசையை மாற்ற மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது. நிரல் ஜம்மென்று ஓடி, புதிய தகவலின் மேல் பழைய குப்பையை எழுதிவிட்டு, ‘சுபம்’ போட்டுவிடும்.

இதற்கு ஒரு மகாபுத்திசாலித் தீர்வு புறப்பட்டது. கோப்பின் தலையில் ‘டிஃபைன் இன்டெக்ஸ் ஸ்ட்ர்சிஹெச்ஆர்’ என்று ஒரு வரி போட்டால் போதும், இன்டெக்ஸ் என்ற சொல் எங்கே வந்தாலும் அது ஸ்ட்ர்சிஹெச்ஆர் ஆகிவிடும். எங்கே வந்தாலும் என்றால் எங்கே வந்தாலும்தான். வரிசை எண்ணை வைத்துக்கொள்ள யாரோ ஒருவர் இன்டெக்ஸ் என்று அப்பாவியாக ஒரு மாறி வைத்திருப்பார். அதுவும் ஸ்ட்ர்சிஹெச்ஆர் ஆகிவிடும். ஸ்ட்ரக்சருக்குள் ஒரு உறுப்புக்கு அந்தப் பெயர் இருந்தால் அதற்கும் அதே கதி. கெஜட்டில் ஒருவர் பெயர் மாற்றினால் தெருவில் அதே பெயருள்ள அத்தனை பேருக்கும் பெயர் மாறியது என்றால் எப்படியிருக்கும், அப்படி. பிற்பாடு, யூனிக்ஸ் வகையறாவுக்குப் பொதுத் தரமான போசிக்ஸின் 2008-ம் வருடத்துப் பதிப்பு இன்டெக்ஸையும் பிகாப்பியையும் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. அதற்குள் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

டைரக்டரி வாசிக்கும் வேலை என்ன ஆயிற்று? பெர்க்லிக்காரர்கள் நீளமான பெயருக்கு வழி செய்து, ஓபன்டர், ரீட்டர் என்று ஒழுங்கான ஃபங்ஷன்கள் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவை எந்த ஹெட்டரில் இருக்கும் என்பதில்தான் ஒற்றுமை வரவில்லை. ஒரு சிஸ்டத்தில் சிஸ்/டர்.ஹெச், இன்னொன்றில் சிஸ்/என்டர்.ஹெச், மற்றொன்றில் வெறும் என்டர்.ஹெச், கடைசியில் போசிக்ஸ் வந்து டர்என்ட்.ஹெச். ஒரு டைரக்டரியைத் திறந்து பார்க்க நாலு வாசல், எந்த வீட்டுக்கு எந்த வாசல் என்று தெரியாமல் நாலையும் தட்டிப் பார்க்கவேண்டும்.

ஸ்டுடியோவும் கோனியோவும்

இந்தப் பங்காளிச் சண்டை எதிலும் தலையிடாமல் தனிக்குடித்தனம் நடத்தியது டாஸ் என்ற சிஸ்டம். 1987-ல் போர்லண்ட் நிறுவனம் அதற்கு டர்போ சி என்ற கம்பைலரை விட்டது, 1990-ல் டர்போ சி++. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. கன்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும், ஆல்ட் எஃப்5 அடித்தால் அவுட்புட் தெரியும். அன்றைய நிலவரத்துக்கு அது அபாரமான சரக்கு. உலகம் அதை நன்றியோடு பயன்படுத்திவிட்டு நகர்ந்தது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங், பாலிடெக்னிக் லேப்கள் மட்டும் நகரவில்லை.

பெரம்பலூரோ பெருந்துறையோ, முதலாண்டு மாணவர் அப்சர்வேஷன் நோட்டில் எழுதும் முதல் நான்கு வரி ஒன்றுதான். இன்க்ளூட் ஸ்டுடியோ.ஹெச். (ஏவிஎம், பிரசாத் வரிசையில் இதுவும் ஏதோ ஒரு ஸ்டுடியோ என்று நம்பிப் பாஸானவர்கள் உண்டு.) இன்க்ளூட் கோனியோ.ஹெச். வாய்ட் மெயின். அடுத்து சிஎல்ஆர்எஸ்சிஆர். கடைசியில் மங்களம் பாட ஒரு கெட்ச். நடுவில் எதை எழுதினாலும், முதலும் கடைசியும் மாறக்கூடாது. ஏன் என்று கேட்டால் வைவாவில் மார்க் போகும்.

ஏன் என்பதற்குக் காரணம் இருந்தது. டர்போ சி-யில் முந்தைய தடவை ஓட்டியதன் அவுட்புட் திரையிலேயே கிடக்கும், அதைத் துடைக்கத்தான் சிஎல்ஆர்எஸ்சிஆர். நிரல் முடிந்த கையோடு நீலத் திரை வந்து அவுட்புட்டை மறைத்துவிடும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் கெட்ச். இரண்டும் டர்போ சி என்ற ஒரு கடையின் கதவுப் பிரச்சினைகள். அவற்றை சி மொழியின் இலக்கணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தோம். கோனியோ டாஸ் கம்பைலர்களின் சரக்கு. சி மொழிக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அதை எழுதாமல் விட்டாலோ, டர்போ சி++ புது ஃபைலுக்கு வழக்கமாக வைக்கும் பெயரின் வால் சிபிபி என்பதால், அதை சி++ நிரலாக எடுத்துக்கொண்டு ‘ஃபங்ஷன் ஷுட் ஹேவ் எ புரோட்டோடைப்’ என்று திட்டும். மாணவர் கோனியோவைச் சேர்ப்பார், திட்டு நிற்கும். பக்தி இப்படித்தான் வளர்ந்தது.

விண்டோஸ் 64 பிட் ஆனதும் 16 பிட் டர்போ சி ஓட மறுத்தது. வேறு யாராக இருந்தாலும் இதுதான் சாக்கு என்று கைகழுவியிருப்பார்கள். நாம் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரைப் போட்டு, செத்துப்போன டாஸை எழுப்பி உட்காரவைத்து, அதன் மடியில் டர்போ சி-யை உட்காரவைத்தோம். எதைப் போர்ட் செய்யவேண்டும் என்றால் நிரலை என்பது உலக வழக்கம். ஊரையே போர்ட் செய்வது நம் வழக்கம்.

பாஸ் வந்தார், கோனியோ போனது

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, யூனிக்ஸ் ஜாடை கொண்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ். பெரும்பாலோர் விண்டோஸைத் திறந்து சினிமா பார்த்தார்கள், அவர்களுக்கு இந்தப் புராணத்தில் வேடம் இல்லை. ஆர்வக்கோளாறில் பாஸைத் திறந்து, ஜிசிசி கம்பைலரில் லேப் நிரலை அடித்த சிலர்தான் நம் கதாநாயகர்கள்.

முதல் அடி: கோனியோ.ஹெச் என்று ஒரு கோப்பே இல்லை, கம்பைலேஷன் நிறுத்தப்பட்டது.

“அண்ணா, லினக்ஸுல கோனியோவே இல்லையாம்ணா!”

“இல்லன்னா அந்த வரியத் தூக்கிர்றா.”

தூக்கினால் இரண்டாவது அடி: சிஎல்ஆர்எஸ்சிஆர் என்றால் யார், கெட்ச் என்றால் யார் என்று லிங்க்கர் கேட்கும். ஹெட்டரைத் தூக்கினாலும் ஆள் வேண்டுமே. சிலர் ஸ்டுடியோவைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். டாஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள், அதுவும் இல்லை என்று சொல்லிவிடும். கெட்ச்சுக்குப் பதில் கெட்கேர் போட்டால் கம்பைல் ஆகும், ஆனால் என்டர் தட்டினால்தான் எழுத்து உள்ளே போகும். பாம்பு விளையாட்டு எழுதியவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் என்டர் தட்டவேண்டும். பாம்பு அதற்குள் சுவரில் முட்டியிருக்கும்.

சரியான வைத்தியம் டெர்மியோஸ்.ஹெச். டெர்மினலின் இப்போதைய அமைப்பை வாங்கிப் பத்திரப்படுத்து. என்டருக்காகக் காத்திருப்பதையும், அடித்த எழுத்தைத் திரையில் காட்டுவதையும் நிறுத்து. ஓர் எழுத்தை வாசி. பழைய அமைப்பைத் திருப்பிக் கொடு. கடைசிப் படியை மறந்தால் நிரல் முடிந்த பிறகு நீங்கள் என்ன அடித்தாலும் திரையில் தெரியாது. லேப்டாப்பில் கீபோர்டு போச்சு என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பவேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ‘ரீசெட்’ என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

இன்னொரு கண்ணி தூக்கம். யூனிக்ஸ் வீட்டில் யூனிஸ்டிடி.ஹெச் தரும் ஸ்லீப் விநாடிக் கணக்கு. விண்டோஸ்.ஹெச் தரும் ஸ்லீப் மில்லி விநாடிக் கணக்கு, முதல் எழுத்து பெரியது. விண்டோஸில் ஒரு விநாடி தூங்க 1000 என்று எழுதியிருப்பீர்கள். முதல் எழுத்தை மட்டும் சின்னதாக்கி லினக்ஸுக்குக் கொண்டுபோனால், நிரல் 16 நிமிடம் 40 விநாடி தூங்கும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அதற்குள் அடுத்த பேட்சைக் கூப்பிட்டிருப்பார்.

சின்ன வெங்காயம் சார் ஆன கதை

லினக்ஸ்தான் கெடுபிடி, விண்டோஸ் சாது என்று யாரும் நினைக்கவேண்டாம். பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. பாடாலூர் பக்கம் ஒரு மாணவர் வெங்காய விலைக்கணக்கு ஒன்றை லினக்ஸில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வெங்காயத்தின் விலைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மால்’ என்று ஒரு முழுஎண் மாறி, மதிப்பு 40. பக்கத்துச் சந்தையின் தூரத்துக்கு ‘நியர்’, தூரத்துச் சந்தைக்கு ‘ஃபார்’, மதிப்பு 60. குறைந்த விலையைக் கண்டுபிடிக்க ‘மின்’ என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன். லினக்ஸில் மணியாக ஓடுகிறது. மண்டிக்காரர் கம்ப்யூட்டரில் விண்டோஸ். ‘இன்க்ளூட் விண்டோஸ்.ஹெச்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்துக் கம்பைல் செய்கிறார்.

விண்டோஸ்.ஹெச் தனியாக வராது, சுற்றம் சூழ வரும். அந்தச் சுற்றத்தில் ஆர்பிசிஎன்டிஆர்.ஹெச் என்று ஒரு பெரியவர். ஸ்மால் என்ற சொல் எங்கே வந்தாலும் அது ‘சார்’, அதாவது ஓர் எழுத்தை வைக்கும் வகை என்று அவர் எப்போதோ டிஃபைன் செய்துவிட்டார். எனவே ‘இன்ட் ஸ்மால் = 40’ என்ற வரி கம்பைலர் கண்ணுக்கு ‘இன்ட் சார் = 40’. இன்ட்டுக்குப் பின்னால் சார் வருவது சட்டவிரோதம் என்கிறது மைக்ரோசாஃப்ட் கம்பைலர். மாணவர் நிரலை மேலும் கீழும் தேடுகிறார். சார் என்ற சொல்லையே அவர் எழுதவில்லை.

ஃபார், நியர் இரண்டும் 16 பிட் காலத்தில் பாயின்டர்களின் வகை. அந்தக் காலம் போய்விட்டது, பழைய நிரல்கள் கம்பைல் ஆகவேண்டுமே என்று இரண்டையும் வெற்றிடமாக டிஃபைன் செய்து விட்டுவைத்திருக்கிறார்கள். ஆகவே ‘இன்ட் ஃபார் = 60’ என்பது ‘இன்ட் = 60’ ஆகிவிடும். தூரத்துச் சந்தை காற்றில் கரைந்தது, 60 கிலோமீட்டர் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. மின் என்ற ஃபங்ஷனும் பிழைக்காது, அந்தப் பெயரில் விண்டோஸ்.ஹெச் ஏற்கெனவே ஒரு மேக்ரோ வைத்திருக்கிறது.

விலையை நெட்வொர்க்கில் அனுப்பலாம் என்று ஆசைப்பட்டால் யூனிக்ஸில் சிஸ்/சாக்கெட்.ஹெச், விண்டோஸில் வின்சாக்2.ஹெச். அதை விண்டோஸ்.ஹெச்சுக்கு முன்னால் சேர்க்கவேண்டும். பின்னால் சேர்த்தால், விண்டோஸ்.ஹெச் ஏற்கெனவே கூட்டி வந்திருக்கும் பழைய வின்சாக்.ஹெச்சும் புதியதும் ஒரே பெயர்களுக்காக அடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். பரிகாரங்கள் உண்டு. ‘வின்32 லீன் அண்டு மீன்’ என்று முன்னாலேயே டிஃபைன் செய்தால் சுற்றத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ‘நோமின்மேக்ஸ்’ என்றால் மின், மேக்ஸ் வராது. இந்த இரண்டு மந்திரங்களை உலகம் முழுக்க விண்டோஸ் நிரலாளர்கள் காலையில் எழுந்ததும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பஞ்சாயத்து

இத்தனை ரகளைக்கும் நடுவில் பெரியவர்கள் கூடிப் பேசாமல் இல்லை. 1988-ல் போசிக்ஸ் தரம் வந்தது, பெயர் வைத்தவர், குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். யூனிஸ்டிடி.ஹெச், டர்என்ட்.ஹெச் எல்லாம் இங்கே பட்டா வாங்கின. 1989-ல் சி மொழிக்கே அமெரிக்கத் தரம் வந்தது. அதில் மொத்தம் 15 ஹெட்டர்கள். 2023-ம் வருடத்துப் பதிப்பில் 31. இந்த 15-லும் கோனியோ இல்லை, 31-லும் கோனியோ இல்லை.

பஞ்சாயத்துத் தீர்ப்பை எல்லாரும் உடனே கேட்டுவிட்டால் அது பஞ்சாயத்தா? மால்லாக் என்ற ஃபங்ஷன் ஸ்டிடிலிப்.ஹெச்சில் இருக்கிறது என்று தரம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் மால்லாக்.ஹெச் எழுதுகிறவர்கள் உண்டு. லினக்ஸ் போனால் போகட்டும் என்று ஏற்றுக்கொள்ளும். பெர்க்லி வழிவந்த ஃபிரீபிஎஸ்டியில் அந்தக் கோப்பு இருக்கும், உள்ளே ‘இதற்குப் பதில் ஸ்டிடிலிப் வந்து வெகுகாலமாயிற்று’ என்கிற மாதிரி ஒரு பிழைச் செய்தி மட்டும் இருக்கும். இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு கோப்பை இருக்கவைத்த பெருந்தன்மை வேறு எங்கும் காணமுடியாது.

எந்த ஊர் என்று கேட்காதே

இனி வைத்தியர்கள். முதலில் வந்தவர் லாரி வால். பெர்ல் மொழியை எழுதுவதற்கு முன்பே, 1984 வாக்கில், ஆர்என் என்ற செய்தி வாசிக்கும் மென்பொருளோடு ‘கான்ஃபிகர்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தார். அது உங்கள் சிஸ்டத்தைத் துருவித் துருவி ஆராயும். நடுவில், நீங்கள் யூனிஸ் ஓட்டவில்லை, வாழ்த்துகள் என்று நக்கலும் அடிக்கும். யூனிஸ் என்பது விஎம்எஸ் என்ற சிஸ்டத்தின் மேல் யூனிக்ஸ் வேடம் போட்ட ஒரு சரக்கு. 1991-ல் டேவிட் மெக்கன்சி, குனு மென்பொருள்களுக்கு ஒவ்வொன்றாக இப்படி ஸ்கிரிப்ட் எழுதி அலுத்துப்போய், ஸ்கிரிப்டை எழுதித்தரும் ஆட்டோகான்ஃபை உருவாக்கத் தொடங்கினார். ‘செக்கிங் ஃபார் யூனிஸ்டிடி.ஹெச்... எஸ்’ என்று திரையில் வரி வரியாக ஓடும் அந்தக் காட்சி அங்கிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, மொத்தப் புராணத்தின் சாரமும் அதுதான். ஆட்டோகான்ஃப் ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்பதில்லை. ஒரு குட்டி நிரலை எழுதி, அந்த ஹெட்டரைச் சேர்த்து, கம்பைல் ஆகிறதா என்று பார்க்கும். ஆகிவிட்டால் ‘ஆம்’, ஆகாவிட்டால் ‘இல்லை’. நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். ‘லினக்ஸ் என்றால் இது இருக்கும், மேக் என்றால் அது இருக்காது’ என்று ஊர்ப் பெயரை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள்.

அதற்கு ஒரு சாட்சி. 1998-ல், பெர்க்லி வழிவந்த இன்னொரு சிஸ்டமான ஓபன்பிஎஸ்டியின் குழு எஸ்டிஆர்எல்காப்பி என்ற பாதுகாப்பான நகல் ஃபங்ஷனைக் கொண்டுவந்தது. லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் குனு சி நூலகம் ‘அது வேண்டாம்’ என்று முறுக்கிக்கொண்டு நின்றது. எனவே ‘லினக்ஸா? அப்படியானால் நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன்’ என்று ஊர்ப் பெயரை நம்பி எழுதியவர்கள் ஏராளம். 2023 ஆகஸ்டில் குனு சி நூலகத்தின் 2.38-ம் பதிப்பு, கால் நூற்றாண்டு வீராப்பை விட்டுவிட்டு, எஸ்டிஆர்எல்காப்பியைச் சேர்த்துக்கொண்டது. ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிய நிரல்களில் சொந்தச் சரக்கும் நூலகச் சரக்கும் முட்டிக்கொண்டன. ‘உன்னிடம் எஸ்டிஆர்எல்காப்பி இருக்கிறதா?’ என்று கேட்டு எழுதியவர்கள் இப்படி ஒன்று நடந்ததையே கவனிக்கவில்லை. 2001-ல் ‘அரியலூர் என்றால் தனி மாவட்டம்’ என்று கல்லில் வெட்டி வைத்தவருக்கு 2002-ல் என்ன நேர்ந்ததோ, அதேதான்.

இரண்டாவது பாடத்தை 1992-லேயே ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் கோலியரும் யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் சொல்லிவிட்டார்கள். வித்தியாசம் வரும் இடத்திலெல்லாம் ‘இந்தச் சிஸ்டம் என்றால் இது’ என்று பிரிக்கும் ‘இஃப்டெஃப்’ போட்டு நிரலைக் கந்தலாக்காதே, வித்தியாசங்களை ஒரு மூலையில் சேர்த்துப் பூட்டு என்பது அதன் சாரம். அதை ஒழுங்காகச் செய்துகாட்டுவது, தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச். ஓபன்பிஎஸ்டி குழு தன் சிஸ்டத்துக்கு மட்டும் சுத்தமாக எழுதும். இன்னொரு குழு அதை எடுத்து, மற்ற சிஸ்டங்களில் இல்லாததையெல்லாம் ‘ஓபன்பிஎஸ்டி-கம்பாட்’ என்ற தனி டைரக்டரியில் எழுதி நிரப்பும். அந்தப் பதிப்பின் எண்ணோடு ஒட்டியிருக்கும் ‘பி’ என்ற எழுத்து போர்ட்டபிள் என்பதைக் குறிப்பது. உங்கள் லினக்ஸ் சர்வரில் ஓடுவது அந்தப் ‘பி’ போட்டதுதான்.

‘இந்த ஹெட்டர் இருக்கிறதா?’ என்று நிரலுக்குள்ளேயே கேட்கும் ‘ஹேஸ் இன்க்ளூட்’ வசதி சி மொழியின் தரத்தில் 2023 பதிப்பில்தான் ஏறியது. மொழி பிறந்து அரை நூற்றாண்டு கழித்து, இருக்கிறதா இல்லையா என்று கேட்க அனுமதி! ஆனாலும் வந்ததே, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு இதுதான். சிஸ்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், அதனால் என்ன முடியும் என்று கேளுங்கள். வித்தியாசத்தை ஒரே கோப்பில் அடைத்துவிட்டு, மற்ற நிரலுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோனியோ இல்லாமல் உயிர்வாழ முடியாது என்பவர்கள், கெட்ச்சுக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆருக்கும் சொந்தமாக ஒரு சின்ன ஹெட்டர் எழுதி, அதற்குள் விண்டோஸுக்குக் கோனியோவையும் மற்றவற்றுக்கு டெர்மியோஸையும் வைத்துக்கொள்ளலாம். முப்பது நாற்பது வரி வேலை.

முதலாண்டு லேப் மேனுவல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் அந்த இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று துறைத்தலைவர் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்: சி மொழியின் எந்தத் தரத்திலும் கோனியோ.ஹெச் ஒருநாளும் இருந்ததில்லை.